காலிக் கட்டத்தில் சைபர் போடாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. காபி குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரிக்கும் நேரத்தில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் மகன் மடிக்கணினியோடு வாசலில் நின்றான். சிவில் படித்தவன். ஒரு ஆலோசனை நிறுவனத்தில் ஏரிகளுக்கு வெள்ளக் கணக்குப் போடும் வேலை.

"அங்கிள், திங்கட்கிழமை ரிப்போர்ட் போகணும். மாடல் ஓடிடுச்சு. ஆனா ஏதோ இடிக்குது. ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றான்.

விஷயம் இதுதான். ஒரு ஏரிக்குக் கலங்கலை அகலப்படுத்த வேண்டும். எவ்வளவு வெள்ளம் வரும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு அகலம் என்று சொல்ல முடியும். அதற்கு ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ். என்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம், கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் இருக்கிறது, அவர்கள் செய்து இலவசமாகக் கொடுப்பது. நல்ல மென்பொருள், அதில் எனக்குச் சண்டை இல்லை. மழையைக் கொடுத்தால் ஓட்டத்தைச் சொல்லும். ஆனால் எந்த மழையைக் கொடுக்கிறோம் என்பது நம் பாடு.

திரையில் நீலக் கம்பிகளாக மழையும், அதன் கீழே வளைந்து வளைந்து வெள்ளமும் அழகாகத்தான் இருந்தன. "மழை டேட்டாவைக் காட்டு" என்றேன். எக்செல் தாளைத் திறந்தான். 2005 அக்டோபருக்குப் போகச் சொன்னேன். அந்த ஆண்டு அக்டோபர் கடைசி வாரம் சென்னை, காஞ்சிபுரம் பக்கம் இருந்தவர்கள் யாருக்கும் மறக்காது. நானே இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறேன். அந்தத் தாளில் அந்த மூன்று நாளும் 0, 0, 0.

"தம்பி, இது என்ன?"

"டேட்டா வந்தப்ப காலியா இருந்தது அங்கிள். காலியா இருந்தா மாடல் எரர் காட்டும். அதான் சைபர் போட்டோம்."

இந்தக் கட்டுரை அந்த மூன்று சைபர்களைப் பற்றியது. படிக்கும் பலருக்கு மென்பொருள் பழக்கம் இருக்காது. பரவாயில்லை. கணக்கு எழுதிப் பழகிய எல்லோருக்கும் இது புரியும்.

முதலில், காலி என்றால் என்ன, சைபர் என்றால் என்ன? எங்கள் காலத்து மழைப் பதிவேட்டில் மூன்று விதமான குறிப்பு உண்டு. காலை எட்டரைக்கு ஆள் போய் மழைமானியைத் திறந்து பார்த்து, ஒரு சொட்டும் இல்லை என்றால் 'நில்' என்று எழுதுவார். அளக்க முடியாத அளவு ஈரம் இருந்தால் 'டிரேஸ்'. ஆளே போகவில்லை என்றால் ஒரு கோடு. நில் என்பது ஒரு சாட்சி: பார்த்தேன், இல்லை என்று ஒரு மனிதன் சொல்கிறான். கோடு என்பது சாட்சி வரவில்லை என்று பொருள். சாட்சி வராத வழக்கில், குற்றமே நடக்கவில்லை என்று தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும்? கோட்டைச் சைபராக்குவது அதே வேலைதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்தக் கோடு எந்த நாளில் விழும்? நிதானமாக யோசித்துப் பாருங்கள். வெயில் காயும் பங்குனி மாதத்திலா? அப்போது லஸ்கர் சைக்கிளில் ஜாலியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். எந்த நாளில் தரைப்பாலம் முழுகிப் போகிறதோ, எந்த நாளில் மரம் சாய்ந்து பாதை மறிக்கிறதோ, எந்த நாளில் அவருடைய வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடுகிறதோ, அன்றைக்குத்தான் அவரால் போக முடியாது. கொட்டும் மழையில் மழைமானியே நிரம்பி வழிந்ததும் உண்டு, வெள்ளத்தில் போனதும் உண்டு. இப்போது வந்திருக்கும் தானியங்கிக் கருவிகளும் அப்படித்தான். புயல் அடிக்கும்போதுதான் சிக்னல் போகிறது, பாட்டரி இறங்குகிறது, வாளி அடைத்துக்கொள்கிறது.

ஆக, காலியான கட்டம் ஏதோ அங்கொன்று இங்கொன்றாகத் தற்செயலாக விழுவதில்லை. பெருமழை நாளைத் தேடிப் பிடித்து விழுகிறது. அதில் சைபர் போட்டால், நாற்பது வருஷ மழையில் எந்த நாலு நாளுக்காகக் கலங்கல் கட்டுகிறோமோ அந்த நாலு நாளையே அழித்துவிடுகிறோம். ஒவ்வொரு ஆண்டின் உச்ச மழையை எடுத்து, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை எவ்வளவு, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். உச்சத்தை எடுத்துவிட்டு உச்சத்தைக் கணக்கிடுவது என்ன பொறியியல்?

மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது என்றேன் அல்லவா? அதையும் விளக்கிவிடுகிறேன். இந்த மென்பொருளோடு வரும் டி.எஸ்.எஸ். என்ற சேமிப்பு முறையில், விடுபட்ட மதிப்புக்கென்றே கழித்தல் 901 என்று ஒரு தனி அடையாள எண் வைத்திருக்கிறார்கள். மழை ஒருபோதும் கழித்தல் 901 ஆக இருக்க முடியாது. அதனால் குழப்பம் வராது. மாடலை ஓட்டும்போதும், விடுபட்ட மதிப்பு வந்தால் கணக்கை நிறுத்திவிடு என்றும் சொல்லலாம், இயல்பு மதிப்பைப் போட்டுக்கொண்டு மேலே போ என்றும் சொல்லலாம். மழைக்கு இயல்பு மதிப்பு சைபர். செய்தவர்கள் யோசித்துத்தான் இரண்டு வழியும் வைத்தார்கள். நம் ஆட்கள் யோசிக்காமல் இரண்டாவது பொத்தானை அழுத்துகிறார்கள், அல்லது அதற்கும் முன்பே எக்செல்லில் சைபர் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பின்னது இன்னும் மோசம். முன்னதில் எங்கோ ஒரு எச்சரிக்கை வரியாவது மிஞ்சும். பின்னதில் தடயமே இருக்காது.

சைபரோடு கதை முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு வரை உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தை வைத்து மாடலைச் சரிபார்த்திருந்தார்கள். அதில், மழை வருவதற்கு முன்பே வெள்ளம் வந்துவிட்டது! ஏன்? நம் நாட்டில் ஒரு தேதிக்கு எதிரே எழுதும் மழை, முந்தின நாள் காலை எட்டரை முதல் அன்று காலை எட்டரை வரை பெய்தது. 2015 டிசம்பர் 2 என்ற தேதியில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று பதிவாகியிருக்கிறது. அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் பதினைந்தரை மணி நேரம் டிசம்பர் 1-ஐச் சேர்ந்தது. அன்று பகலும் இரவும் விடாமல் கொட்டியதை இங்கே இருந்தவர்கள் அறிவோம். ஆனால் மென்பொருளிடம் 'டிசம்பர் 2, ஒரு நாள்' என்று மட்டும் சொன்னால், அது டிசம்பர் 2 நள்ளிரவு தொடங்கி அடுத்த நள்ளிரவு வரை என்று எடுத்துக்கொள்ளும். மழை பதினைந்தரை மணி நேரம் தாமதமாகிவிடும். ஆற்றில் அளந்த ஓட்டமோ சரியான நேரத்தில் நிற்கும். எட்டரை மணிக்கு முடியும் நாள் என்று மென்பொருளுக்குச் சொல்ல வழி இருக்கிறது. யாரும் சொல்லவில்லை.

சரி, மழைக்கு முன் வெள்ளம் வந்தால் எவனுக்கும் சந்தேகம் வர வேண்டுமல்லவா? வரவில்லை. 'கேலிப்ரேஷன்' செய்துவிட்டார்கள். அதாவது, தண்ணீர் நிலத்தில் ஓடி ஏரிக்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போய், கணக்கு வளைவும் அளந்த வளைவும் ஏறத்தாழ ஒட்டும்படி செய்துவிட்டார்கள். மழை குறைவாகவும் ஓட்டம் அதிகமாகவும் தெரிந்த இன்னொரு வருஷத்துக்கு, மண் தண்ணீரை உறிஞ்சும் அளவைக் குறைத்துவிட்டார்கள். தேதிப் பிழைக்கும் சைபர் பிழைக்கும் அந்த ஊர் மண்ணும் வாய்க்காலும் பழி சுமந்தன. சட்டை தைத்தவன் தப்பாகத் தைத்ததற்கு, போட்டுக்கொள்கிறவன் கையை வெட்டிச் சட்டைக்குள் நுழைத்த கதை.

இன்னும் கேளுங்கள். எக்செல்லில் அமெரிக்கத் தேதி முறை. அவர்களுக்கு மாதம் முன்னால், நாள் பின்னால். நம் 05/11/2005 அங்கே மே மாதம் 11-ஆம் தேதி. நவம்பர் ஐந்தின் மழை அக்கினி நட்சத்திரத்தில் போய்ப் பெய்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளை அந்த முறையில் படிக்க முடியாது. அவை வெறும் எழுத்தாக நின்றுவிட்டன, ஏற்றும்போது உதிர்ந்தும் விட்டன. 'மே மாதத்தில் இவ்வளவு மழையா' என்று ஒருவரும் கேட்கவில்லை. மழையைப் பற்றி விசாரிக்க வேண்டிய கேள்வியை, கோப்பு ஏறியதா இல்லையா என்ற கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள்.

செயற்கைக்கோள் மழைத் தரவு கிரீன்விச் நேரத்தில் வருகிறது, நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னால். பழைய பதிவேட்டில் அங்குலமும் சென்ட்டும், புதியதில் மில்லிமீட்டர், பத்திரிகைச் செய்தியில் சென்டிமீட்டர். ஆற்று ஓட்டம் நம் துறையில் கன அடி, மென்பொருளில் கன மீட்டர். ஒன்றுக்கு மற்றது முப்பத்தைந்து மடங்கு. சில தானியங்கிக் கருவிகள் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போகும் மொத்தத்தை அனுப்பும், சில அந்தந்த மணியின் மழையை மட்டும் அனுப்பும். மொத்தத்தை மணி மழை என்று ஏற்றினால் பிரளயம்தான். இவை எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. மளிகைக் கடையில் கிலோவா, படியா என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அளவு கவனம் போதும்.

இதைச் சொன்னால் எனக்குக் கிடைக்கும் பதில்கள் எல்லாம் எனக்கே மனப்பாடம்.

"சார், அந்தக் காலத்துப் பதிவேடு மட்டும் ரொம்ப ஒழுங்கா?" இல்லை. ஒப்புக்கொள்கிறேன். வீட்டிலேயே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்து மழை எழுதிய ஆசாமிகளை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போகாமல் திங்கட்கிழமை இரண்டு நாள் மழையையும் சேர்த்து எழுதியவர்களையும் தெரியும். அதைவிட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது. நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது மாதாந்திர மழை அறிக்கையில் காலியிடம் இருந்தால் மேலிடத்திலிருந்து தபால் திரும்பி வரும். 'விடுபட்ட விவரத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும்' என்று ஒரு மெமோவும் கூடவே வரும். இரண்டு முறை திரும்பி வந்த பிறகு, மூன்றாவது முறை நானே என் பேனாவால் அந்தக் கோடுகளின் மேல் 'நில்' என்று எழுதி அனுப்பினேன். தபால் திரும்பவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

அந்த நில் இன்று எந்தக் கணினியில் சைபராக உட்கார்ந்திருக்கிறதோ, எந்த மதகின் அளவைத் தீர்மானித்ததோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன். இளைஞர்கள் தப்பு செய்கிறார்கள் என்று கைகாட்டுவதற்காக அல்ல. காலியிடத்தைக் கண்டால் பயப்படும் வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே எங்கள் தலைமுறை அலுவலகங்கள்தான். மெமோ கேட்ட வேலையை இன்று மென்பொருளின் சிவப்பு எரர் கேட்கிறது. இரண்டுக்கும் பொய் சொல்லித்தான் வாயை அடைக்கிறோம்.

"விடுபட்டதை நிரப்ப முறை இருக்கு சார், பக்கத்து ஸ்டேஷனை வைச்சு நிரப்பலாம்." தாராளமாக. நானும் செய்திருக்கிறேன். பக்கத்து மழைமானிகளின் சராசரி விகிதத்தை வைத்து நிரப்பும் வழி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் நிரப்பியது நிரப்பியது என்று எழுதி வையுங்கள். அளந்ததும் ஊகித்ததும் ஒரே பத்தியில், ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் நின்றால், பத்து வருஷம் கழித்து வருகிறவனுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? டி.எஸ்.எஸ். முறையில் ஒவ்வொரு தொடருக்கும் ஆறு பகுதிப் பெயர் உண்டு: எந்த வடிநிலம், எந்த நிலையம், மழையா ஓட்டமா, எந்தத் தேதி, எவ்வளவு இடைவெளி, கடைசியாக எந்தப் பதிப்பு. அந்தக் கடைசிப் பகுதி இருப்பதே 'அசல்', 'திருத்தியது' என்று பிரித்து வைக்கத்தான். பையனின் கோப்பில் அந்த இடம் காலி. பெயர் ஒன்றாகவே இருந்ததால் திருத்தியது அசலின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. எங்கே சைபர் போடக் கூடாதோ அங்கே போட்டார்கள். எங்கே எழுத வேண்டுமோ அங்கே காலியாக விட்டார்கள்.

"இனிமே ஏ.ஐ. எல்லாத்தையும் நிரப்பிடும்." நிரப்பட்டும். எட்டரை மணி வழக்கத்தை அதனிடம் யாராவது சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் சைபர்தான் என்று நீங்கள் கொடுத்தால், அதற்கு அதுதான் உண்மை. கெட்டிக்காரக் குமாஸ்தாவிடம் பொய்க் கணக்கைக் கொடுத்தால் பொய்யைத்தான் கெட்டிக்காரத்தனமாகக் கூட்டித் தருவான்.

"டைம் இல்லை சார், டெண்டர் டேட்." இந்த ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. மாடல் ஓட்ட மூன்று நாள், படம் போட்டு பைண்டிங் செய்ய ஒரு வாரம், தரவைப் பார்க்க அரை நாள், அதுவும் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இயக்குநர் பெயர், திட்டத் தலைவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கும். நாற்பது வருஷ மழையை ஏற்றியவன் பெயர் எங்கும் இருக்காது. பெயர் இல்லாத வேலைக்குப் பொறுப்பும் இருக்காது.

என் கோரிக்கை பெரிதல்ல. துறையில் இருப்பவர்கள், ஆலோசனை நிறுவனம் நடத்துகிறவர்கள், கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, காலி காலியாகவே ஏறட்டும். மாடல் நின்றால் நிற்கட்டும். அது நிற்பது, உன்னிடம் தகவல் இல்லை என்று மரியாதையாகச் சொல்வது.

இரண்டு, அசலை யாரும் தொடக் கூடாது. திருத்தம் எல்லாம் நகலில். எந்த நாள், என்ன காரணம், யார் திருத்தியது என்று பக்கத்தில் ஒரு வரி.

மூன்று, ஒவ்வொரு தொடரோடும் நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எந்த நாட்டு நேரம், என்ன அலகு, கூட்டுத்தொகையா தனித்தனியா என்று எழுதி இருக்க வேண்டும்.

நான்கு, ஏற்றி முடித்ததும் பெரிய மழை பத்து நாளை எடுத்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். டீக்கடையில் கேட்டாலே போதும். எந்த வருஷம் கரை உடைந்தது, எந்த வருஷம் பஸ் நின்றது என்று அவர்கள் சொல்வார்கள். அந்த வருஷம் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் தப்பு ஊர்க்காரரிடம் இல்லை.

ஐந்து, ஏற்றியவர் பெயர் ரிப்போர்ட்டில் வரட்டும். கையெழுத்தோடு.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் போகவில்லை. அவனே மேலதிகாரியிடம் பேசி இரண்டு வாரம் வாங்கிக்கொண்டான்; அதற்கே அவனைப் பாராட்ட வேண்டும். நேரில் போய் அலுவலக பீரோவில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்திருக்கிறான். பாதி கரையான் தின்றிருந்தாலும் 2005 பக்கம் இருந்தது. அந்த மூன்று நாளுக்கும் எதிரே கோடுதான். நான்காம் நாள் எதிரே ஒரு பெரிய எண்ணும், பக்கத்தில் பென்சிலால் 'பாலம் முழுகியதால் செல்ல இயலவில்லை, நான்கு நாள் சேர்த்து' என்றும் எழுதியிருந்ததாம். தட்டச்சு செய்தவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதுவும் அதிகமாக இருக்கிறதே என்று தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளிப் போட்டிருக்கிறார். பென்சில் வரியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

புதுக் கணக்கில் கலங்கல் இன்னும் அகலமாக வந்திருக்கிறது. செலவு கூடும் என்பதால் நிறுவனத்தில் முணுமுணுப்பு இருக்கிறதாம். என்ன முடிவெடுப்பார்கள் என்று தெரியாது. ஏரிக்குக் கீழே இருக்கிற தெருக்களில் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் மழை வந்தால் கரையைப் பார்ப்பார்கள், நம் கணக்கைப் பார்க்க மாட்டார்கள்.

பெயர் தெரியாத அந்த லஸ்கர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. நான் பேனாவால் அழித்ததை அவர் பென்சிலால் காப்பாற்றி வைத்திருக்கிறார். வீட்டில் பரணில், பழைய அலுவலகப் பெட்டியில் இப்படி மழைக் குறிப்பேடு ஏதாவது கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் கோடுகளையும் சேர்த்து.